பழனி பாணி கும்கி: ரவையைக் கூட்டினால் வருமா?

கேள்வி: ஐந்து வருடமாக மிருதங்கம் கற்கிறேன். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு அவருடைய கும்கியை (தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் அடிநாதப் பக்கத்தில், சுருதி வளைந்து ஏறும் நாதம்) அப்படியே கொண்டுவரப் பார்க்கிறேன். தொப்பியின் தோலில் ஒட்டும் ரவைப் பசையைக் கூட்டியும் நாதம் வரவில்லை, மணிக்கட்டுதான் வலிக்கிறது. அவரைப் போலவே இடக்கையை வலந்தலைக்கு (உயர்ந்த சுருதி தரும் மறுபக்கத்துக்கு) மாற்றிக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: கையை மாற்றவே வேண்டாம். பழனி (1908–1962) இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால்தான் வலந்தலையை இடக்கையிலும் தொப்பியை வலக்கையிலும் வாசித்தார். அது உடம்பின் வாகு, பாணி அல்ல. வலக்கைக்காரர் மாற்றிப் பிடித்தால் ஐந்து வருடச் சாதகம் (பயிற்சி) வீண்.

ரவை விஷயத்துக்கு வருவோம். நிறைய அப்பினால் கனத்த நாதம் வரும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரவை அளவுக்கு மீறினால் தொப்பியின் சுருதி இறங்கி, தோல் அதிராமல் ‘தொம்’ என்னும் அடி மட்டையாக விழும். அந்தத் தோலில் கும்கி ஏறாது. மெல்லிய ரவையைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, நடுவில் இரண்டரை, மூன்று அங்குல வட்டமாக ஒட்டுங்கள், ஓரம் மெலிந்திருக்கட்டும். வலந்தலையின் ஷட்ஜத்துக்கு (‘ஸ’ ஸ்வரத்துக்கு)க் கீழ் ஸ்தாயியில் ‘தொம்’ சேரும்வரை கிள்ளிக் கிள்ளி எடுங்கள். ஏசி அரங்கில் ரவை சீக்கிரம் காய்ந்து சுருதி ஏறிவிடும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொண்டால் போதும்.

வலிக்குக் காரணம் அழுத்தம். முதலில் விரல்கள் விழுந்து நாதம் கிளம்ப வேண்டும். அது ஒலிக்கும்போதே உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை லேசாக அழுத்தியபடி நகர வேண்டும், அப்போதுதான் சுருதி வளைந்து ஏறும். அடிக்கும் முன்பே கை அழுத்திவிட்டால் வெறும் ‘டப்’பென்று நின்றுவிடும். பெரும்பாலோர் செய்யும் தப்பு இதுதான். அதைச் சரிக்கட்டத்தான் மேலும் மேலும் பலம் போடுகிறார்கள். மணிக்கட்டை மடிக்காதீர்கள். ஆதி தாளம், சௌக்க காலம் (மெதுவான வேகம்), அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு கும்கி: தினம் பத்து நிமிடம். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒலிப்பதிவைக் கேட்கும் முறையையும் மாற்றுங்கள். ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்து, தாளம் போட்டபடி, கும்கி விழாத இடங்களை மட்டும் குறித்து வாருங்கள். அடிக்கொரு கும்கி போடும் நகலுக்கும் அசலுக்கும் உள்ள தூரம் அங்கே தெரியும். மேடையில் மைக்கைத் தொப்பியோடு ஒட்டி வைத்தால் அடிநாதம் செயற்கையாக வீங்கும். ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.