எதிர்வெயிலில் நாரைகள்: வாசகர் கேள்விகள்

கே: சூரியனைப் பார்த்தபடி எடுத்தால் நெடுங்கால் உள்ளான் வெறும் கறுப்பாக விழுகிறது. கேமராவில் கோளாறா?

ப: இல்லை. மின்னும் தண்ணீரைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு). எந்த மீட்டரிங் (ஒளியை அளக்கும் முறை), என்ன ஷட்டர் வேகம் என்று எழுதியிருந்தால் இன்னும் திருத்தமாகச் சொல்லியிருப்பேன். கடிதத்தில் லென்ஸ் வாங்கிய விலையை எழுதியவர் அதையும் எழுதியிருக்கலாம்.

கே: கொக்கின் இறகோரம் ஒளிர்வதுபோல் எடுப்பது எப்படி?

ப: பறவைக்குப் பின்னால் நிழல் விழுந்த கரையோ நாணலோ இருக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன்னால் வெள்ளை இறகின் ஓரம் தெரியவே தெரியாது. முன் பதிலுக்கு இது நேர்மாறு: இருண்ட பின்னணியைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகோரம் வெளுத்துப்போகும். ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஒளியின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வெயிலில் கேமராத் திரையை நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் இழையிழையாக இறங்கும் மெல்லிறகுகளுக்கு இந்த ஒளியைப்போல் வேறொன்று இல்லை.

கே: போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) உதவுமா?

ப: தாழ்ந்த சூரியனுக்கு எதிரே பயன் மிகக் குறைவு, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் நஷ்டம். கழற்றுங்கள். யூவி ஃபில்டரையும் கழற்றிவிட்டு ஹூட் போடுங்கள்.

கே: கூட்டில் சும்மா நின்ற மஞ்சள் மூக்கு நாரைகள் சூரியனுக்கு முன்னால் பறக்கட்டும் என்று நண்பர் கை தட்டினார். பறந்தன, ஆனால் 1/500 நொடியில் படம் மங்கிவிட்டது. ஷட்டர் எவ்வளவு வேண்டும்?

ப: ஷட்டர் பிறகு. அந்த நாரை சும்மா நிற்கவில்லை. வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ சிறகை விரித்து, தன் உடம்பால் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். இறகு முளைக்காத குஞ்சு வெறும் வெயிலைத் தாங்காது. நீங்கள் விரட்டிய சில நிமிடங்களில் முட்டையையும் குஞ்சையும் தூக்கக் காகம் வந்துவிடும். சரணாலயத்தில் விலங்குகளையும் பறவைகளையும் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளால் பட்டாசை விட முடிகிறது, உங்களால் ஒரு படத்தை விட முடியவில்லையா? கை தட்டுவது, கல் எறிவது, கரையை விட்டுச் சேற்றில் இறங்குவது எல்லாம் ஒன்றுதான். பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

உங்கள் படமோ கண்ணெதிரே இருந்தது. விரித்த சிறகின் வழியே வெயில் ஊடுருவி, உள்ளிறகின் ரோஜா நிறம் விளக்கேற்றியதுபோல் தெரிந்திருக்கும். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் காத்திருங்கள். இரை கொண்டுவரப் பெற்றோர் தாமாகவே போய்வரும். நாரை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் மாதங்களில், மாலைச் சூரியனைப் பார்த்து நின்றால் அவை உங்களை நோக்கியே இறங்கும். ஷட்டர் 1/2000.

கே: நிழலுருவாக எடுக்க எந்தப் பறவை நல்லது?

ப: நத்தை குத்தி நாரை. அலகின் நடுவே உள்ள இடைவெளியில் ஒளி புகுந்து வரும். வளர்ந்த பறவைக்குத்தான் அந்த இடைவெளி உண்டு, இளசில் தேடாதீர்கள். கரண்டிவாயன் பக்கவாட்டில் நின்றால் கரண்டி தெரியாது, அலகு வெறும் கோடாகிவிடும். தலையைச் சாய்த்து இறகு கோதும்போது எடுங்கள். பூநாரைக் கூட்டத்தில் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாத நொடி வரும்வரை பொறுங்கள். எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்து, ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

கே: சிவந்த சூரியனை வ்யூஃபைண்டரில் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்தா?

ப: ஆம். ஆப்டிகல் வ்யூஃபைண்டரும் 600 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் விழித்திரை வெந்துவிடும். சிவந்திருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் கண் தப்பலாம், சென்சார் தப்பாது. சூரியனைச் சட்டகத்துக்கு வெளியே வைத்தே எதிர்வெயிலில் எடுக்கலாம்.

கே: சென்னையிலிருந்து காலை பத்து மணிக்குப் பழவேற்காடு வந்தால் போதுமா?

ப: போதாது. அதற்குள் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையத் தொடங்கி, தொலைவில் நிற்கும் பூநாரை நடுங்கித் தெரியும். தை மாதத்தில் சூரியன் ஏறத்தாழ ஆறரைக்கு எழும். ஆறு மணிக்குக் கரையில் இருங்கள்.