மாலையில் மட்டும் வைஃபை அறுந்து போவது பற்றி

வணக்கம். மாலை 7 மணிக்கு மேல் வைஃபை விட்டு விட்டு வருகிறது, அதே நேரத்தில் கேபிளை லேப்டாப்பில் செருகினால் வேகம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லைனில் கோளாறு இல்லை. புது ரூட்டர் வாங்க அவசரப்படாதீர்கள்.

அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் எல்லோரும் வைஃபையில்தான் இருப்பார்கள். வைஃபை பயன்படுத்தும் ரேடியோ அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அதற்குள் பிரித்த தடங்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உங்கள் ரூட்டர் 3 அல்லது 4-ல் உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் அதன் தலையில்தான். எந்தச் சேனலில் எத்தனை வைஃபை இருக்கிறது என்று காட்டும் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போனில் போட்டு, அறுந்து போகிற அந்த நேரத்திலேயே பாருங்கள். காலையில் பார்த்துப் பயனில்லை. மூன்றில் கூட்டம் குறைந்ததை ரூட்டர் செட்டிங்ஸில் நீங்களே தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40-ல் விட்டால் பக்கத்துச் சேனல்களோடு மோதல் இன்னும் கூடும்.

ரூட்டரிலும் லேப்டாப்பிலும் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கே மாறிவிடலாம், ஆனால் சுவர் தாண்டினால் அது சீக்கிரம் வலுவிழக்கும். ரூட்டர் டிவிக்குப் பின்னால் இருந்தால் வெளியே எடுத்துக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

மைக்ரோவேவ் ஓடும்போது அறுகிறதா என்றும் கவனியுங்கள், அதுவும் 2.4 பக்கம்தான் இயங்குகிறது. இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் ரூட்டர் மாடலை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.