தபாலில் விதை கேட்டு எழுதுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாட்டு விதைகளையும் வேளாண் நூல்களையும் தபாலில் அனுப்பும் ஒரு கடையில், வரும் கடிதங்களைப் பிரித்துப் பட்டியலிடும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு அவரை விதை கேட்டு எழுதினேன். பந்தல் போட்டு ஏற்ற வேண்டிய கொடி அவரை வந்து சேர்ந்தது. இது கடையின் தவறு இல்லையா? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி)

பதில்: 'அவரை விதை' என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பொட்டலம் கட்டுபவருக்கு உங்கள் மாடியும் தெரியாது, தொட்டியின் அளவும் தெரியாது. அவர் கையில் இருப்பது உங்கள் கடிதம் ஒன்றுதான். பந்தல் வேண்டாத செடி அவரை தேவை என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். சில ஊர்களில் இதைக் குத்தவரை என்பார்கள். அந்தச் சொல்லைக் கையால் எழுதும்போது கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் 'கு' சற்றுக் கலங்கினாலும் அது 'கொத்தவரை' என்று படிக்கப்பட்டு, முற்றிலும் வேறொரு செடியின் விதை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் மேசையில் இது ஆண்டுக்கு நாலைந்து முறையாவது நடந்தது.

கரிசலாங்கண்ணியும் இப்படித்தான். மஞ்சள் பூப்பது ஒன்று, வெள்ளைப் பூப்பது ஒன்று. தாவரவியல்படி இரண்டும் வெவ்வேறு செடிகள். முருங்கை என்றால் விதையிலிருந்து வளர்த்து ஓராண்டுக்குள் காய் பறிக்கும் செடி முருங்கையா, போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டு வளர்க்கும் மர முருங்கையா என்று சொல்ல வேண்டும். சுரையில் நீளம், குடுவை என்ற பிரிவு உண்டு. கடையின் விலைப்பட்டியல் கையில் இருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் பெயரையும் வரிசை எண்ணையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். பட்டியல் இல்லையென்றால் எங்கே, எதில் வளர்க்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். அனுபவமுள்ள கடைக்காரர் அதைக் கொண்டே சரியான ரகத்தை எடுத்துவிடுவார்.

கேள்வி: அளவை எப்படிக் குறிப்பிடுவது? பாக்கெட் கணக்கா, கிராம் கணக்கா?

பதில்: கடை எந்தக் கணக்கில் விற்கிறதோ அந்தக் கணக்கில் எழுத வேண்டும், எண்ணோடு அலகும் சேர்ந்தே வர வேண்டும். 'தண்டுக்கீரை 10' என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்து கிராமா, பத்து பாக்கெட்டா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. கீரை விதை ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்பதால் அந்த வேறுபாடு சிறியதல்ல. 'தண்டுக்கீரை, 10 கிராம் பாக்கெட், 1 (ஒன்று)' என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தால் விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஒரு வரியில் ஒரு பொருளை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: கடிதத்தின் மேலே முகவரி எழுதியிருந்தும் பார்சல் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஏன்?

பதில்: தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள், எத்தனை மேலூர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெயர் தனியாக எதையும் தீர்மானிக்காது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் ஆறு இலக்கப் பின்கோடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வந்தது; அதன் கடைசி மூன்று இலக்கங்கள்தான் உங்களுக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டுபவை. ஆனால் ஒரே பின்கோட்டில் பல கிராமங்கள் அடங்கும் என்பதால் கதவு எண், தெரு, கிராமம், அஞ்சலகம், வட்டம், மாவட்டம் ஆகிய அனைத்தும் வேண்டும். கைப்பேசி எண்ணும் வேண்டும்.

'மேற்கண்ட முகவரிக்கு அனுப்பவும்' என்று எழுதுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மேலே இருப்பது அலுவலக முகவரியாகவும், பொருள் போக வேண்டிய இடம் வீடாகவும் இருந்த கடிதங்கள் நிறைய. பார்சல் போக வேண்டிய முகவரியைக் கடிதத்தின் கீழே கட்டம் போட்டுத் தனியே எழுதினால், அதை வெட்டி அப்படியே பார்சலில் ஒட்டிவிடலாம். நாங்கள் அப்படி ஒட்டியும் இருக்கிறோம்.

கேள்வி: பணத்தைக் கைப்பேசி வழியே செலுத்திவிட்டு, திரைப்பிடிப்பையும் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து 'பணம் வரவில்லை' என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் பணம் போயிருக்கும், யாருடையது என்பதுதான் தெரிந்திருக்காது. ஆர்டர் தாயின் பெயரிலும், பணம் மகனின் கணக்கிலிருந்தும் வந்தால் கடைக்காரர் எப்படிப் பொருத்துவார்? செலுத்திய தேதி, தொகை, யாருடைய கணக்கு, யூ.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண் ஆகிய நான்கையும் எழுத்தில் தாருங்கள்.

கேள்வி: வி.பி.பி.யில் (பார்சல் வரும்போது தபால்காரரிடம் பணம் கட்டிப் பெறும் முறையில்) வரவழைப்பது பாதுகாப்பானதா?

பதில்: ஓரளவுக்குத்தான். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பிறகே பார்சலைப் பிரிக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், உண்மையாகவே ஆர்டர் வந்ததன் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதி கூற வேண்டும் என விதித்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், நல்ல கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் வி.பி.பி. அனுப்பத் தயங்குகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் தபால் செலவு அவர்கள் தலையில்தான் விழும். எனவே 'வி.பி.பி.யில் அனுப்பவும், தபால் செலவு உட்பட 400 ரூபாய்க்கு மேல் போனால் அனுப்பும் முன் தெரிவிக்கவும்' என்று உச்சவரம்போடு எழுதுவது இருவருக்கும் நல்லது.

கேள்வி: கேட்ட ரகம் இருப்பில் இல்லையென்றால் தாங்களாகவே வேறொன்றை அனுப்புகிறார்களே?

பதில்: நீங்கள் ஒன்றும் சொல்லாததால் அனுப்புகிறார்கள். மாற்று ரகம் சம்மதமா, பணம் திரும்ப வேண்டுமா, அடுத்த இருப்பு வரை காத்திருப்பீர்களா என்பதை முதல் கடிதத்திலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள். 'ஆடிப்பட்டத்துக்கு வேண்டும்' என்று மட்டும் எழுதாமல் 'ஜூலை 10க்குள் கிடைக்காவிட்டால் அனுப்ப வேண்டாம்' என்று தேதி போடுங்கள். பட்டம் தவறி வரும் விதையால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: தவறான பொருள் வந்தால் புகாரை எப்படி எழுதுவது?

பதில்: ஆர்டர் தேதி, கேட்டது, வந்தது, இப்போது என்ன வேண்டும் என்பவற்றை இந்த வரிசையில் எழுதி, பொட்டலத்தின் மேலுறைப் படத்தை இணையுங்கள். கோபத்தை எழுதினால் கடிதம் நீளும், பதில் தாமதமாகும். பயனில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

கேள்வி: நலம் விசாரித்து நாலு வரி எழுதினால் தவறா?

பதில்: தவறே இல்லை, எங்களுக்கு மகிழ்ச்சிதான், பட்டியல் முடிந்த பிறகு எழுதுங்கள். மழையைப் பற்றியும் பேரனைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிய ஒரு பெரியவர், பாகல் விதை வேண்டும் என்பதை இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார். கடிதத்தை எல்லோரும் படித்து மகிழ்ந்தோம். பார்சலில் பாகல் மட்டும் விடுபட்டுப் போயிற்று.