நன்றியைச் சொல்ல வைப்பதா, அறிய வைப்பதா?

தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளிடம் நன்றியுணர்வை ஒரு பழக்கமாக வளர்ப்பது எப்படி என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஆறு வயது மகளின் தாய், மதுரை: தினமும் படுக்கும்முன் "இன்று நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்" என்று மகளிடம் கேட்கிறேன். முதல் வாரம் ஆசையாகச் சொன்னாள். இப்போது "அம்மா, அப்பா, ஐஸ்கிரீம்" என்று ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நிறுத்திவிடட்டுமா டீச்சர்?

நிறுத்த வேண்டாம் அம்மா, கேள்வியை மாற்றுங்கள். பட்டியல் கேட்டால் குழந்தை பட்டியல்தான் தரும், வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல. அதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆளைப் பற்றிக் கேளுங்கள். "இன்று உனக்கு யார் என்ன செய்தார்கள்?" அவள் சொன்னதும் மேலும் மூன்று கேள்விகள்: அவர் அதை ஏன் செய்தார்? அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் உனக்கு என்ன நல்லது நடந்தது?

என் வகுப்பில் ஒரு பையன் "சத்துணவு அக்கா எனக்கு முட்டை வைத்தார்" என்றான். "அவர் காலையில் எத்தனை மணிக்கு வருகிறார் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. மறுநாள் அவனே போய்க் கேட்டுவிட்டு வந்தான். எட்டரைக்கே வந்து அரிசி களைகிறாராம். அன்று முதல் அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான். அவனிடம் அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை.

திருக்குறளில் இதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. நன்றி என்பது அங்கே நாம் வாயால் சொல்லும் சொல் அல்ல, பிறர் நமக்குச் செய்த நன்மை. நம் வேலை அதை அறிவது. முதல் மூன்று குறள்களும் எதை அறிய வேண்டும் என்றே சொல்லித் தருகின்றன: நாம் முன்னால் எதுவும் செய்யாதிருக்க அவர் செய்தார், வேண்டிய காலத்தில் செய்தார், திரும்ப என்ன கிடைக்கும் என்று எடைபோடாமல் செய்தார்.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு மிக அருகில் வருகிறது. 8 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, உதவியவரின் எண்ணம், அவருக்கு ஆன செலவும் சிரமமும், தமக்குக் கிடைத்த பயன் ஆகிய மூன்றையும் எடைபோடப் பாடமாகச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நன்றியுணர்வு கூடியது.

இன்னொன்று, தினமும் கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவில் உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி கல்லூரி மாணவர்களிடம் ஆறு வாரம் இதைச் சோதித்துப் பார்த்தார். நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பெரியவர்களுக்கே சலித்துப்போகிறது என்றால் ஆறு வயதுக் குழந்தையைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவீர்களானால் அந்த நேரம் போதும். கை வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும்.

இரண்டு வயதுக் குழந்தையின் தந்தை, ஈரோடு: எந்த வயதில் தொடங்கலாம்?

நீங்கள் இன்றே தொடங்கலாம், குழந்தை பிறகு தொடங்கட்டும். தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் 'ஏன் செய்தார்' என்ற கேள்வியைச் சின்னச் சின்னதாகக் கேட்கலாம். ஏழெட்டு வயதில் அது நன்றாகவே பிடிபடும்.

ஒரு மருமகள், தஞ்சாவூர்: எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. என் மகன் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து பாட்டியிடம் "தேங்க்ஸ் பாட்டி" என்றான். "என்னடா, நான் என்ன அந்நியமா?" என்று அத்தை வருத்தப்பட்டுவிட்டார். யார் சரி?

இருவரும் சரி. உங்கள் அத்தையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நெருங்கியவர்களிடம் நன்றி என்ற சொல்லைச் சொன்னால் கணக்குத் தீர்த்ததுபோல் ஆகிவிடும் என்று நினைக்கும் தலைமுறை அது. அவர்கள் நன்றியைச் சொல்லாமலே காட்டினார்கள். முதல் இட்லியை யாருக்கு எடுத்து வைத்தார்கள், ஊரிலிருந்து வரும்போது யாருக்கு என்ன பிடிக்கும் என்று நினைவு வைத்து வாங்கி வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால், சொல்லும் இல்லாமல் செயலும் இல்லாமல் போய்விட்ட வீடுகளும் உண்டு. அங்கே சமைப்பவர் சமைத்துக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் கைகழுவிவிட்டு எழுந்து போவார்கள். அதனால் உங்கள் மகனுக்கு வேறு வாக்கியங்களைப் பழக்குங்கள். "பாட்டி, வத்தக்குழம்பு இன்று ரொம்ப நன்றாக இருந்தது." "கால் வலியோடு எனக்காகக் கடைக்குப் போனீர்களா?" இவற்றில் நன்றி என்ற சொல்லே இல்லை, ஆனால் பாட்டி செய்ததை அவன் பார்த்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அத்தையும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தாத்தா, திருச்சி: பேரன் சோற்றை வீணாக்குகிறான். "நாங்களெல்லாம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள்" என்றால் எழுந்து ஓடிவிடுகிறான்.

ஐயா, அதைத் தட்டின் முன்னால் உட்காரவைத்துச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அவன் காதில் அது கதையாக விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும். தெருவில் சாப்பாடு இல்லாத பிள்ளையைக் காட்டி "பார், உனக்கு எவ்வளவு இருக்கிறது" என்பதும் அப்படித்தான். அதில் குற்றவுணர்வு வரும், சில சமயம் அந்தப் பிள்ளைமேல் ஓர் இளக்காரமும் வந்துவிடும். வரிசையில் நின்ற கதையை ஒரு மாலை நேரத்தில், திண்ணையிலோ பால்கனியிலோ, வேடிக்கையும் துயரமுமாக முழுதாகச் சொல்லுங்கள். முடிவில் "அதனால் நீ…" என்று மட்டும் தொடங்காதீர்கள். முடிந்தால் ஒரு தொட்டியில் நான்கு வெண்டை விதையை அவன் கையால் ஊன்ற வையுங்கள். ஒன்றரை, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிக் காய்த்த வெண்டைக்காயை அவன் தட்டில் மிச்சம் வைக்கிறானா பார்ப்போம்.

சவுதியில் பணிபுரியும் ஒரு தந்தை: எட்டு வயது மகன் அலைபேசியில் "என்ன வாங்கி அனுப்புவீர்கள்?" என்று மட்டும்தான் கேட்கிறான். மனம் வலிக்கிறது.

தம்பி, உங்கள் வலி நியாயமானது. ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிவது உங்கள் முகமும் பார்சலும்தான். நடுவில் இருக்கும் உழைப்பு தெரியவில்லை. அதைக் காட்டுங்கள்: விடிவதற்கு முன் ஏறும் பஸ், தலைக்கவசம், அறையில் உங்கள் கட்டில், நீங்களே பொங்கும் சோறு. "உனக்காகத்தான் கஷ்டப்படுகிறேன்" என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். அது பிள்ளையின் தலையில் கடனாக ஏறும்.

அடுத்தமுறை ஊரிலிருந்து உங்களுக்கு முறுக்கும் ஊறுகாயும் வரும்போது, அதில் ஒரு பொருளை அவனே தேர்ந்தெடுத்து வைக்கட்டும். பம்பரம் வைத்தாலும் சிரிக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் உளவியலாளர் ஃபிரான்சிஸ்கா பாம்கார்டன்-டிராமர் 1938இல் வெளியிட்ட ஆய்வில் இதையேதான் கண்டார். சிறு பிள்ளைகள் நன்றியாகத் தமக்குப் பிடித்ததையே திருப்பித் தர நினைக்கிறார்கள், எதிரில் இருப்பவருக்கு என்ன பிடிக்கும் என்ற எண்ணம் வளர வளர வருகிறது. அவனுக்குப் பம்பரம் உயிர் என்றால், அவன் அனுப்பியது சின்னப் பொருள் அல்ல. அதை உங்கள் கட்டில் அருகே வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்: வகுப்பில் நன்றிக் குறிப்பேடு எழுத வைக்கலாமா?

வைக்கலாம். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேர் பங்கேற்றார்கள். இரண்டு வாரம் நன்றிக்குரியவற்றை எழுதியவர்களுக்குப் பள்ளி மீதான மனநிறைவு கூடியது. இரண்டு எச்சரிக்கைகள்: மதிப்பெண் போடாதீர்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். மதிப்பெண் வந்தால் உங்களைப் புகழ்ந்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கணவரை இழந்த ஒரு தாய்: ஆறு மாதம் ஆகிறது. "இருப்பதை நினைத்து நன்றியோடு இரு" என்று ஒன்பது வயது மகளுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். அவள் பேசுவதையே குறைத்துவிட்டாள்.

அவர்களைத் தடுத்துவிடுங்கள் அம்மா. இப்போது அவளுக்குத் தேவை அழ இடம். "அப்பா இல்லாதது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது" என்று நீங்கள் அவளிடம் சொல்லலாம். என்றாவது அவளாகவே "அப்பா எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாரே" என்பாள். அன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பேச்சுக் குறைவு நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்காதீர்கள்.

ஒரு தாய், சென்னை: உறவினர் ஒருவர் வரும்போதெல்லாம் மகளுக்குப் பரிசு தருகிறார். பதிலுக்கு முத்தம் கேட்கிறார். அவள் மறுத்தால் "நன்றி கெட்டவள்" என்கிறார்கள். நானும் வற்புறுத்திவிட்டேன்.

இனி வற்புறுத்தாதீர்கள். பரிசுக்கு ஈடாகத் தன் உடலைத் தர வேண்டும் என்று எந்தக் குழந்தையும் கற்கக் கூடாது. நன்றியின் பெயரால் பிள்ளைகளின் வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளியில் அதை நான் கண்டிருக்கிறேன். இன்றிரவே அவளிடம் சொல்லுங்கள்: "உனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், அம்மா உன் பக்கம். அன்று வற்புறுத்தியது என் தவறு." பிறகு பதற்றப்படாமல், அவரிடம் ஏன் போகப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். கவலைக்குரியதாக ஏதும் இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்தமுறை அவர் வரும்போது அவளைத் தனியே விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் முத்தம் கேட்டால் அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: "அவள் கைகூப்பி வணக்கம் சொல்வாள், அது போதும்."