குட்டையாகித் தடிக்கும் குரோமோசோம்கள்: கோல்செமிட் நேரத்தை நீட்டினால் என்ன ஆகிறது?

கேள்வி: ரத்த லிம்போசைட்டுகளை (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) 72 மணி நேரம் வளர்த்துக் குரோமோசோம் ஸ்லைடு தயாரிக்கிறோம். மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் பிரிவுக் கட்டம்) செல்கள் குறைவாக இருந்ததால், செல் பிரிவை அங்கேயே நிறுத்தும் கோல்செமிட் மருந்தின் நேரத்தை 30 நிமிடத்திலிருந்து 2 மணி நேரமாக்கினோம். செல்கள் கூடின. ஆனால் குரோமோசோம்கள் குட்டையாகத் தடித்து, கைகள் விரிந்து எக்ஸ் வடிவில் கிடக்கின்றன. ஜி-பட்டைகளை (சாயமிட்டால் குரோமோசோமின் குறுக்கே தெரியும் கோடுகள்) பிரித்துப் படிக்க முடியவில்லை. கோளாறு நோயாளியிடமா, எங்கள் முறையிலா?

பதில்: முறையில்தான் இருக்க வேண்டும். அதே நாளில் செய்த மற்ற மாதிரிகளிலும் இதே தோற்றம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நோயாளியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோல்செமிட் குரோமோசோமைத் தொடுவதில்லை. அது டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். செல் மெட்டாஃபேஸைத் தாண்டாது. ஆனால் குரோமோசோமைச் சுருக்கும் புரதங்களும் கைகளைப் பிரிக்கும் புரதங்களும் அந்த நேரம் முழுக்க வேலை செய்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது அதுவே.

சுருக்குவது காண்டென்சின் என்ற புரதம். இதில் இரண்டு வகை உண்டு. காண்டென்சின் 2 உட்கருவுக்குள்ளேயே இருப்பதால் பிரிவின் முதல் கட்டமான புரோஃபேஸிலேயே தொடங்கிவிடும். காண்டென்சின் 1 சைட்டோபிளாசத்தில் காத்திருந்து, உட்கரு உறை உடைந்த பிறகே டி.என்.ஏ.வை அடையும். இரண்டும் ஏ.டி.பி. ஆற்றலைச் செலவழித்து டி.என்.ஏ. இழையைக் கண்ணி கண்ணியாக இழுத்துக் கட்டுகின்றன. கோழியின் டி.டி.40 செல்களில் 2018-இல் வெளியான ஆய்வின்படி, காண்டென்சின் 2 போடும் பெரிய கண்ணி ஒன்றில் சுமார் 4 லட்சம் காரங்கள். அதற்குள் காண்டென்சின் 1 போடும் சிறிய கண்ணிகள் ஒவ்வொன்றிலும் சுமார் 80 ஆயிரம் காரங்கள். நேரம் போகப் போகக் கண்ணிகள் பெரிதாகும், குரோமோசோமின் நீளம் குறையும், தடிமன் ஏறும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒன்றாகத் தெரிவது இதனால்தான். பட்டைகளை வெளிக்கொணரும் டிரிப்சின் நொதியின் நேரத்தை எவ்வளவு மாற்றினாலும் அவை மீண்டும் பிரியாது. பலர் அங்கேதான் ஒரு நாளை வீணடிக்கிறார்கள்.

கைகள் விரிவதற்குக் காரணம் வேறு. டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ் கட்டத்திலிருந்தே சகோதரி குரோமாட்டிடுகளை (ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்) கோஹீசின் என்ற வளையப் புரதம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. செல் பிரிவு தொடங்கியதும் பி.எல்.கே.1, அரோரா பி ஆகிய நொதிகள் பாஸ்பேட் சேர்க்க, வாப்ல் என்ற புரதம் அந்த வளையத்தைத் திறந்து கைகளிலிருந்து கழற்றிவிடும். இரு நகல்களும் சேரும் நடுப்பகுதியான சென்ட்ரோமியரில் மட்டும் ஷுகோஷின் என்ற புரதம், பிபி2ஏ என்ற பாஸ்பேட்டேஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு கோஹீசினைக் காக்கிறது. அந்தக் கடைசிப் பிடியை அறுப்பது செப்பரேஸ் என்ற நொதி. கதிர் இழை இல்லாத செல்லில் மேட்2, பப்ஆர்1 முதலிய சோதனைப் புரதங்கள் தடை போட்டிருப்பதால் செப்பரேஸ் விழிக்காது. ஆகவே கைகள் விரிந்து, நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும் எக்ஸ் வடிவம். உங்கள் ஸ்லைடில் தெரிவது இதுவே.

இனி சரிசெய்யும் வழி. 5 மில்லிலிட்டர் வளர்ப்புக்கு, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் செறிவுள்ள கோல்செமிட் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால், இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரும். அதோடு நிறுத்துங்கள். நேரத்தை 20, 30, 45 நிமிடங்கள் என மூன்று குழாய்களில் பிரித்துப் பாருங்கள். செல்களை உப்பவைக்கும் 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு (லிட்டருக்கு 5.6 கிராம்) 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் போதும். இதைக் குறைத்தால் கைகள் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குறைத்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கூட்டினால் செல் வெடித்து எண்ணிக்கை குறையும், விளிம்புகள் மங்கும். செல்களை நிலைப்படுத்தும் 3:1 மெத்தனால்–அசிட்டிக் அமிலத்தை அன்றன்று கலக்க வேண்டும்.

செல் எண்ணிக்கை குறைந்ததற்குக் கோல்செமிட் மருந்தல்ல. ரத்தம் ஹெப்பரின் குழாயில் எடுக்கப்பட்டதா, எத்தனை நாள் பழையது, பி.எச்.ஏ. (லிம்போசைட்டுகளைப் பிரியத் தூண்டும் பொருள்) காலாவதியானதா, இன்குபேட்டர் உண்மையிலேயே 37 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். பி.எச்.ஏ. வலுவிழந்திருந்தால் லிம்போசைட்டுகள் பிரிவுக்கே வராது. வராத செல்லை எவ்வளவு நேரம் காத்திருந்தும் பிடிக்க முடியாது.

நீண்ட குரோமோசோம்கள்தான் வேண்டுமென்றால் செல்களை ஒரே கட்டத்துக்குக் கொண்டுவருவது நல்ல வழி. டி.என்.ஏ. உற்பத்தியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் 0.1 மைக்ரோமோலார் அளவில் சுமார் 17 மணி நேரம். கழுவிவிட்டு, அந்தத் தடையை நீக்கும் தைமிடின் 10 மைக்ரோமோலார், சுமார் 5 மணி நேரம். பிறகு கோல்செமிட் 10 முதல் 20 நிமிடம். நிறைய செல்கள் ஒரே நேரத்தில், மெட்டாஃபேஸுக்கு முந்தைய கட்டமான புரோமெட்டாஃபேஸுக்கு வருவதால் எண்ணிக்கையும் நீளமும் சேர்ந்தே கிடைக்கும். எதிடியம் புரோமைடு சேர்த்துச் சுருங்குவதைத் தடுக்கும் முறையும் உண்டு. அது மரபணு மாற்றம் விளைவிக்கக்கூடிய பொருள். கையுறையும் தனிக் கழிவுப் பெட்டியும் இல்லாத ஆய்வகத்தில் அதை எடுக்காமலிருப்பதே நல்லது.

நோயாளியைச் சந்தேகிக்க வேண்டிய தோற்றங்கள் வேறு. கைகள் அல்ல, சென்ட்ரோமியரே பிரிந்து குரோமாட்டிடுகள் தண்டவாளம்போல் இணையாகக் கிடந்தால், 1, 9, 16 ஆம் குரோமோசோம்களின் ஹெட்டெரோகுரோமாட்டின் (எப்போதும் இறுகியிருக்கும் டி.என்.ஏ. பகுதி) உப்பிப் பிளந்திருந்தால், ராபர்ட்ஸ் நோய்க்குறி நினைவுக்கு வர வேண்டும். கோஹீசினுக்கு அசிட்டைல் சேர்க்கும் எஸ்கோ2 மரபணுவின் குறைபாடு அது. அந்தப் பகுதிக்குச் சாயமிடும் சி-பட்டை ஸ்லைடில் தெளிவாகப் புலப்படும். தலை சிறுத்த குழந்தையின் மாதிரியில் புரோஃபேஸ் போன்ற செல்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எம்.சி.பி.எச்.1 மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள். காண்டென்சின் 2-ஐ அடக்கிவைப்பது அந்தப் புரதம்தான். அது இல்லாவிட்டால் செல் பிரிவுக்கு வருமுன்பே குரோமோசோம் சுருங்கத் தொடங்கும். இந்த இரண்டில் எதை எழுதுவதற்கு முன்பும், கோல்செமிட் 20 நிமிடம் மட்டும் வைத்த ஒரு குழாயை நலமான ஒருவரின் ரத்தத்தோடு சேர்த்து மறுபடி செய்து பாருங்கள்.