கண்டிப்பான சபையா, கட்டிப்போடும் கூட்டமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சென்னையில் வேலை பார்க்கிறாள். ஒரு வருடமாக ஒரு சுயாதீன சபைக்குப் போகிறாள். கம்மலைக் கழற்றிவிட்டாள். சினிமா கிடையாது, வெள்ளிக்கிழமை உபவாசம், ஞாயிறு முழுவதும் சபையில்தான். நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். சொந்தக்காரர்கள் “கல்ட்டில், அதாவது ஆளைக் கட்டிப்போடும் மதக்கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள்” என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட ஆபத்தின் அடையாளம் இல்லை. நகை போடாமல் இருப்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெந்தெகொஸ்தே குடும்பங்களில் தலைமுறைகளாக உள்ள வழக்கம். உபவாசமும் நீண்ட ஆராதனையும் அப்படியே. உங்களுக்குப் பழக்கமில்லை என்பதால் அவை தவறாகிவிடாது.

நம் ஆட்கள் முதலில் கேட்பது “உபதேசம் சரியா?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் ஆளைக் கட்டிப்போடும் இந்த நோயை அது காட்டிக்கொடுக்காது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்புவைப் பாருங்கள். அவன் துர்உபதேசம் செய்தான் என்று யோவான் சொல்லவில்லை. முதன்மையாயிருக்க விரும்புகிறான், சகோதரரை ஏற்றுக்கொள்வதில்லை, ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களையும் தடுத்துச் சபைக்குப் புறம்பே தள்ளுகிறான் என்பவைதான் குற்றச்சாட்டு. எல்லாம் நடத்தை பற்றியவை.

1970-களில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து போதகர்கள் தொடங்கிய ‘மேய்ப்பர் இயக்கம்’ இதற்கு நல்ல உதாரணம். டெரெக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்ட் போன்ற பெயர்பெற்ற போதகர்கள் அதில் இருந்தார்கள். விசுவாச அறிக்கையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு தனி மேய்ப்பர். போகப்போக, வேலை மாறவும் வீடு மாறவும் கல்யாணம் பேசவும் அவர் சம்மதம் வேண்டும் என்றானது. பிரின்ஸ் 1980-களில் விலகினார். மம்ஃபோர்ட் 1989-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இனி மறுபக்கம். துறவு மடத்தைவிடக் கண்டிப்பான இடம் கிறிஸ்தவத்தில் இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய மடத்து ஒழுங்கின்படி ஒரு துறவிக்கு எழுத்தாணிகூடச் சொந்தமில்லை. ஆனால் சேர வருகிறவருக்கு முழு ஒழுங்கையும் 2 மாதம் கழித்து ஒருமுறை, பிறகு 6 மாதம் கழித்து, பிறகு 4 மாதம் கழித்து என்று மூன்று தடவை வாசித்துக் காட்ட வேண்டும். “முடியுமானால் உள்ளே வா, முடியாவிட்டால் தாராளமாகப் போ” என்று சொல்ல வேண்டும். இதைவிட முக்கியமானது, அவர் உடுத்தி வந்த சொந்தத் துணி. அதைத் தூக்கிப் போடுவதில்லை. எப்போதாவது போவதென்றால் உடுத்திக்கொள்ள, மடத்தின் அறையில் எடுத்து வைத்திருப்பார்கள். இன்றைய கத்தோலிக்கச் சட்டத்திலும் (1983) நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவுக்கான வாக்குறுதி) 3 வருடத்துக்குக் குறையக்கூடாது. ஒரு மடத்தின் தலைவர் தனக்குக் கீழுள்ளவரிடம் “உன் மனதில் இருப்பதைச் சொல்” என்று எவ்விதத்திலும் தூண்டக்கூடாது என்றும் அந்தச் சட்டம் தடுக்கிறது. ஒருவரின் ரகசியமும் அவர்மேல் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டு எழுதிய விதி அது.

ஆகவே மகளிடம் கம்மலைப் பற்றிக் கேட்காதீர்கள். சபையின் கட்டுப்பாடுகளை ஞானஸ்நானத்துக்கு முன்பே சொன்னார்களா, சேர்ந்தபிறகு ஒவ்வொன்றாக வந்ததா? பாஸ்டர் வீட்டுக்கும் அதே சட்டம்தானா? பாஸ்டர் தவறு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கேள்விக்கு “கர்த்தரிடம்” என்று மட்டும் பதில் வந்தால் கவலைப்பட வேண்டும். வியாழக்கிழமை ஆலோசனையில் தனியாக அழுது சொன்னது ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கர்த்தர் காட்டிய ‘வெளிப்பாடாக’ வருகிறதா? சபையைவிட்டுப் போனவர்களில் ஒருவரையாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்களா? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் உண்மையைக் காட்டும். போனவர்கள் எல்லாரும் பின்மாற்றக்காரர் (விசுவாசத்தைவிட்டு வழுவினவர்), விபத்தில் சிக்கினார், வியாதி வந்தது என்றே கதை ஓடினால், உள்ளே இருப்பவர்களைப் பயம்தான் பிடித்து வைத்திருக்கிறது.

கேள்வி: காணிக்கைக் கணக்கைக் கேட்டேன். “அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே” என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். கேட்டது பாவமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. அந்த வசனம் சங்கீதம் 105-இல் இருக்கிறது. மூன்று வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். கொஞ்சப்பேராய், பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களைத் தொடாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். பலவான்களிடமிருந்து பலவீனரைக் காக்கும் வார்த்தை அது. அதை மேடையில் நிற்பவர் பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது தலைகீழ். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகையில் பவுல் தன்னோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் அழைத்துப்போனார், யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே சாட்சி வேண்டியிருந்தது.

சின்ன சபைக்குப் பெரிய ஆடிட்டர் வேண்டியதில்லை. உறவில்லாத இரண்டு பேர் அன்றைக்கே எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கணக்கு சபையின் டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில், இரட்டைக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வரவு செலவு வருடம் ஒருமுறை சுவரில் ஒட்டப்பட வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: சபைக்கென்று வாங்கிய மனை போதகர் பெயரில் பத்திரமாவது, காணிக்கை தனிநபர் கணக்குக்குப் போவது. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை உங்கள் செல்லில் ஸ்கேன் செய்து பாருங்கள். பணம் அனுப்புமுன் பெயர் காட்டும். போதகரின் மனைவி பெயர் வந்தால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: என் தம்பியைச் சபைநீக்கம் செய்துவிட்டார்கள். அவனோடு பேசினால் எங்களுக்கும் திருவிருந்து இல்லை என்கிறார்கள். இது வேதத்தில் உள்ளதுதானே?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: சபைநீக்கம் வேதத்தில் உண்டு. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. மத்தேயு 18-இல் வரிசை இருக்கிறது: முதலில் தனியே, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு, பிறகுதான் சபைக்கு. முதல் இரண்டு படியைத் தாண்டி நேரே மேடையில் பெயரை வாசித்திருந்தால், அந்தத் தீர்ப்பு தானே சொல்லிக்கொள்ளும் வேதத்தையே மீறிவிட்டது. கத்தோலிக்கச் சட்டத்திலும், முன்னதாக ஒருமுறையாவது எச்சரித்து, திருந்த அவகாசம் கொடுக்காமல் விதித்த விலக்குத் தண்டனை செல்லாது.

குற்றம் என்னவென்றும் பாருங்கள். 1 கொரிந்தியர் 5-இல் விஷயம், தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தவன். தம்பி செய்தது கேள்வி கேட்டதா, வேறு சபைக்கு ஒருநாள் போனதா? ‘கலகம்’ என்று ஒரே சொல்லில் அடைத்திருந்தால், என்ன செயல், எந்தத் தேதி, யார் சாட்சி என்று எழுத்தில் கேளுங்கள்.

அதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் “போதும், மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான்” என்ற பொருளில் எழுதுகிறார். ஆசீர்வாதப்பர் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். விலக்கப்பட்டவரிடம் வயதில் மூத்த, விவரமான துறவிகளை மடத் தலைவர் ஓசையில்லாமல் அனுப்பி ஆறுதல் சொல்ல வைக்க வேண்டும். வெளியே போனவர் திரும்பி வந்தால் மூன்று தடவைவரை சேர்த்துக்கொள்ளலாம். திரும்பி வரும் வழி என்ன என்று சொல்லாத சபைநீக்கம் ஒழுங்கு நடவடிக்கை ஆகாது, அது பழிவாங்கல். தம்பியோடு பேசுங்கள் அம்மா. கூடப்பிறந்தவனைப் பட்டினி போட்டுத் திருத்தும் அதிகாரம் எந்த மூப்பர் குழுவுக்கும் இல்லை.

கேள்வி: அப்பா (71) ஊர் நிலத்தைச் சபைக்குத் தானமாக எழுதிக்கொடுக்கப் போகிறார். போதகர்தான் வக்கீலையும் ஏற்பாடு செய்திருக்கிறார்.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுப்பது அவர் உரிமை. அந்த வக்கீல்தான் பிரச்சினை.

1887-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆல்கார்ட் என்ற பெண்ணின் வழக்கு வந்தது. ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்து, சுமார் 7,000 பவுண்டை மடத் தலைவிக்குக் கொடுத்துவிட்டு, 8 வருடம் கழித்து 1879-இல் வெளியேறியவர். தலைவி ஏமாற்றியதாக நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அனுமதியில்லாமல் வெளியாரிடம் ஆலோசனை கேட்கக்கூடாது என்பது மடத்தின் விதி. அதன்கீழ் கொடுத்தது சுயமாகக் கொடுத்ததாகாது என்றார்கள் நீதிபதிகள். இருந்தும் அவர் தோற்றார். காரணம், 1885 வரை வழக்குப் போடாமல் காலம் கடத்தியது.

நம் நாட்டில் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 16 இதையே ‘தகாத செல்வாக்கு’ என்கிறது. 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மறுமைப் பலனுக்காக ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்தது. இப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்யக் கோர, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் அவகாசம்.

அப்பாவை எதிர்க்காதீர்கள். சபைக்குச் சம்பந்தமில்லாத வக்கீலிடம் தனியாக உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பதிவான தானப் பத்திரத்தை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது, உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம் என்பதை வக்கீல் சொல்லட்டும். உயில் போதும் என்று போதகரும் ஒப்புக்கொண்டால் நல்ல மனிதர். “இந்த மாதத்துக்குள் எழுதாவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும்” என்றால், அப்போஸ்தலர் 5-இல் பேதுரு அனனியாவிடம் கேட்டதை அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்: “அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?” அனனியா செத்தது கொடுக்காததற்காக அல்ல, பொய் சொன்னதற்காக.

கேள்வி: எங்கள் பையன் போகும் சபைக்கு, கட்டிப்போடும் கூட்டத்தின் அறிகுறிகள் எல்லாம் பொருந்துகின்றன. பையனை (26) எப்படி வெளியே கொண்டுவருவது?
- பெற்றோர், கோவை

பதில்: இழுத்துக்கொண்டு வராதீர்கள். வயதுக்கு வந்தவரை அடைத்துவைப்பது நீங்கள் செய்தாலும் குற்றம். “உலகம் உன்னைப் பகைக்கும்” என்று அங்கே சொல்லியிருப்பார்கள், நீங்கள் அதை நிரூபித்துக் கொடுத்ததாகும். பாஸ்டரைத் திட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை போன் செய்து, சாப்பாடு, வேலை, பழைய நண்பர்கள், பாட்டியின் முழங்கால் வலி என்று பேசுங்கள். அவனாக ஒரு குறை சொன்னால் பாய்ந்து பிடித்துக்கொள்ளாமல் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

காத்திருக்கக்கூடாத சில உண்டு. இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநல மருந்தை நிறுத்தச் சொல்வது. குழந்தைகளை உபவாசத்தில் வைப்பது, அடிப்பது. தண்ணீர்கூட இல்லாத நீண்ட உபவாசம். கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023-இல் 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பலர் உபவாசம் என்ற பெயரில் பட்டினி கிடந்து செத்தவர்கள். இப்படி ஏதாவது தெரிந்தால் உடனே போலீஸ். குழந்தைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181. அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று உறுதியானால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் நீதிபதி பையனிடமே கேட்பார். “விருப்பப்பட்டுத்தான் இருக்கிறேன்” என்று சொன்னால் மனு முடிந்தது, உங்களோடு பேச்சும் நின்றுபோகும். சந்தேகத்தின்பேரில் மட்டும் போடாதீர்கள்.

தென் அமெரிக்காவின் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் அமைத்த குடியிருப்பான ஜோன்ஸ்டவுனில் 1978 நவம்பர் 18 அன்று 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவுடன் அவர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டது பாஸ்போர்ட்டை. அடுத்த தடவை பேசும்போது பையனிடம், அதட்டாமல், பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: டிகிரி சர்டிபிகேட், ஆதார், பாஸ்போர்ட், ஏ.டி.எம். கார்டு இந்த நான்கும் யாரிடம் இருக்கின்றன என்று. “சபை ஆபீஸில்” என்றால், பேங்க் கடனுக்குக் கேட்கிறார்கள் என்றோ வேறு ஏதாவது நியாயமான காரணம் சொல்லியோ முதலில் அவற்றை வீட்டுக்கு வரவழைக்கப் பாருங்கள். அவனுடைய பழைய அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.