ஹாலிவுட்டின் கல்லறைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பாவுக்கு ஆங்கிலப் படம் என்றால் பித்து. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சாப்ளினும் கிளார்க் கேபிளும் மர்லின் மன்றோவும் எனக்கு அப்பாவோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வருவார்கள். இப்போது என் மகள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறாள். வரும் கோடையில் அவளோடு தங்கப் போகிறேன். அப்போது இவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மகள் சரி என்றாள். மாப்பிள்ளைக்குத்தான் பிடிக்கவில்லை. "முன்பின் தெரியாதவங்க கல்லறையில போய் நின்னு போட்டோ எடுக்கறது என்ன பழக்கம் அத்தை?" என்கிறார். என் அக்காவோ சுடுகாடு, தீட்டு என்று போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள்.

நீங்கள் அந்த இடங்களுக்குப் போயிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இப்படிப் போவது தவறா? சாப்ளின், மன்றோ, கேபிள், ஆட்ரி ஹெப்பர்ன் நால்வரையும் பார்க்க எத்தனை நாள் ஆகும்? வேறு யாரையாவது பார்க்க வேண்டுமா? பூ வைக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
திருச்சி

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் இருக்கும் நால்வரில் இருவர் அமெரிக்காவிலேயே இல்லை. சாப்ளினும் ஆட்ரி ஹெப்பர்னும் ஸ்விட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியை ஒட்டிய சிற்றூர்களில் இருக்கிறார்கள். ஹெப்பர்ன் தொலொஷனா என்ற கிராமத்தை விரும்பித் தேர்ந்து பல வருடங்கள் அங்கே வாழ்ந்தவர். 1993-இல் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்தார்கள். எளிமையான ஒரு சிலுவை, அவ்வளவுதான்.

சாப்ளினின் கதை வேறு. 1952 செப்டம்பரில் தன் புதுப் படத்தின் வெளியீட்டுக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் கடலில் இருக்கும்போதே, அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான அனுமதியை அந்த நாட்டு அரசு ரத்து செய்தது. கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற சந்தேகம். ஹாலிவுட்டைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவருக்கு அதன்பின் அங்கே வீடில்லை. 1972-இல் கௌரவ ஆஸ்கர் வாங்க ஒருமுறை வந்தார், திரும்பிப் போய்விட்டார். 1977 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். அவரைப் புதைத்த கோர்சியே-சூர்-வெவே கல்லறையில் இருந்து அடுத்த மார்ச்சில் இரண்டு பேர் சவப்பெட்டியையே தோண்டி எடுத்துப் போய், பணம் கேட்டு மிரட்டினார்கள். அவர் மனைவி ஊனா தர மறுத்தார். மே மாதம் அவர்கள் பிடிபட்டார்கள். ஒரு சோள வயலில் பெட்டி கிடைத்தது. அதே இடத்தில் மீண்டும் புதைத்து, இந்த முறை மேலே கான்கிரீட் போட்டார்கள்.

இதை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஹாலிவுட் கல்லறைகளில் நான் பார்த்தது இதைத்தான். ஒருவர் எங்கே புதைக்கப்பட்டார், எங்கே புதைக்கப்படவில்லை, கல்லை யார் வைத்தார்கள், எத்தனை வருடம் கழித்து வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தத் தொழில் தன் மனிதர்களை எப்படி நடத்தியது என்பது தெரிந்துவிடும். படங்களில் அது தெரியாது. வெளிச்சமும் ஒப்பனையும் அதை மறைத்துவிடும்.

உங்கள் மாப்பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் வெறுப்பது எதுவோ அதை நானும் வெறுக்கிறேன். வெஸ்ட்வுட்டில் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டத்தில், சுவருக்குள் சவப்பெட்டியை வைத்து மூடிய ஒரு மாடத்தில் மர்லின் மன்றோ இருக்கிறார். 1962 ஆகஸ்டில் இறந்தார், வயது 36. முத்தங்களும் கைகளும் பட்டுப்பட்டு அந்தப் பளிங்கின் நிறமே பக்கத்து மாடங்களிலிருந்து மாறித் தெரிகிறது. உதட்டுச்சாயத்தோடு முத்தமிடுவது அங்கே ஒரு சடங்கு ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் அவரைத் தொட ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். இறந்த பிறகும் அது நிற்கவில்லை.

இன்னொன்று. 1953-இல் 'ப்ளேபாய்' முதல் இதழை விற்றுக் கொடுத்தது அவருடைய நிர்வாணப் படம். அவர் பெயர் தெரியாத நடிகையாக இருந்தபோது காலண்டருக்காக எடுக்கப்பட்டது. அதை வெளியிடும் முன் அந்த இதழின் நிறுவனர் ஹ்யூ ஹெஃப்னர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பணமும் தரவில்லை. அந்த ஹெஃப்னர் 1992-இல் அவருக்கு அடுத்த மாடத்தை 75,000 டாலருக்கு வாங்கிவைத்து, 2017-இல் அங்கேயே வந்து சேர்ந்தார். இதைக் காதல் கதை போலச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுவரின் முன் நின்றபோது கோபம்தான் வந்தது. மன்றோவை மதித்தவர் அவருடைய முன்னாள் கணவர், பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ. மணமுறிவுக்குப் பிறகும் அவர்தான் இறுதிச் சடங்கைப் பொறுப்பெடுத்து நடத்தினார். ஹாலிவுட் பெரும்புள்ளிகளை உள்ளே விடவில்லை. அப்புறம் இருபது வருடங்கள், வாரம் மூன்று முறை அங்கே ரோஜா வைக்க ஏற்பாடு செய்திருந்தார். நீங்கள் போனால் டிமாஜியோ மாதிரிப் போங்கள். தொடாமல், சத்தம் போடாமல் நின்றுவிட்டு வாருங்கள். அப்படிப் போவதில் தவறே கிடையாது.

அடுத்து, வேறு யாரைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்வி. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஹாட்டி மெக்டானியலை. 'கான் வித் த விண்ட்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக வந்தவர் என்றால் உங்களுக்கு உடனே முகம் தெரிந்துவிடும். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் படம் முதல்முறை திரையிடப்பட்டபோது, அந்த மாநிலத்தின் நிறப்பாகுபாட்டால் அவர் போக முடியவில்லை. இரண்டே மாதத்தில் அந்தப் படத்துக்காகவே ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே விட்டார்கள். உள்ளேயும் சக நடிகர்களோடு உட்கார வைக்கவில்லை, ஓரத்தில் தனி மேஜை. அங்கிருந்து எழுந்து வந்துதான் பரிசை வாங்கினார்.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸில் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது, காலி செய்யுங்கள் என்று அக்கம்பக்கத்தினர் வழக்குப் போட்டார்கள். அவரும் அங்கே குடியிருந்த மற்ற கறுப்பினத்தவரும் பணியவில்லை. 1945-இல் வழக்கில் வென்றார்கள்.

வாழ்வதற்கான இடத்தை வென்ற அவருக்கு, இறந்த பின் வேண்டிய இடம் கிடைக்கவில்லை. வெள்ளைப் பெட்டி, தலையிலும் கையிலும் வெள்ளை கார்டினியா பூ, தலைக்குச் சிவப்பு ரோஜாவால் ஒரு தலையணை என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தவர், தன்னை ஹாலிவுட் கல்லறையில் புதைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவரோடு வேலை செய்தவர்கள் பலர் இருக்கும் இடம் அது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பாரமவுண்ட் ஸ்டுடியோ. 1952 அக்டோபரில் அவர் இறந்தபோது, கறுப்பினத்தவரை ஏற்பதில்லை என்று அந்தக் கல்லறை மறுத்துவிட்டது. ரோஸ்டேல் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1884-இல் தொடங்கப்பட்ட ரோஸ்டேல்தான் அந்நகரில் எல்லா இனத்தவருக்கும் எல்லா மதத்தவருக்கும் முதலில் இடம் கொடுத்த கல்லறை.

ஹாலிவுட் கல்லறை பின்னாளில் திவாலாகி, 1998-இல் கைமாறி, ஹாலிவுட் ஃபாரெவர் என்று பெயர் மாறியது. புதிய உரிமையாளர், ஹாட்டியின் உடலை இங்கே கொண்டுவரலாம் என்று குடும்பத்தாரிடம் சொன்னார். வேண்டாம், அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். 1999-இல் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு நினைவுக்கல் மட்டும் வைக்கப்பட்டது. சுற்றுலாக்காரர்கள் அந்தக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு ஹாட்டியைப் பார்த்துவிட்டதாகப் போய்விடுகிறார்கள். அது வெறும் கல். நீங்கள் ரோஸ்டேலுக்குப் போங்கள். பூ வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே, அங்கே வையுங்கள். வெள்ளைப் பூவாக இருந்தால் நல்லது.

(அவருடைய ஆஸ்கரும் தொலைந்துபோனது. அன்று துணைப் பாத்திரங்களுக்குச் சிலை கிடையாது, ஒரு பட்டயம்தான். அதை வாஷிங்டனில் உள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். எப்படியோ அது காணாமல் போய், 2023-இல்தான் அகாடமி மாற்றுப் பட்டயம் ஒன்றைச் செய்து கொடுத்தது.)

ரோஸ்டேலிலேயே ஆனா மே வாங் இருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சலவைக்கடைக்காரர் மகள், சீன வம்சாவளியில் வந்த முதல் ஹாலிவுட் நட்சத்திரம். சீனக் குடியானவர்களைப் பற்றிய 'த குட் எர்த்' படத்தின் நாயகி வேடத்துக்கு ஆசைப்பட்டார். அதை வெள்ளை நடிகை லூயிஸ் ரைனருக்கு ஒப்பனை போட்டுக் கொடுத்தார்கள். ரைனர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். 1961-இல் இறந்த ஆனா மே, தாயின் கல்லறையிலேயே வைக்கப்பட்டார். கல்லின் மேலே தாயின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். உலகம் அறிந்த ஆனா மே வாங் என்ற பெயரை அங்கே தேடாதீர்கள். வலது ஓரத்தில் சீன எழுத்தில் இருப்பதுதான் அவர்.

ஹாலிவுட் ஃபாரெவருக்கும் போகத்தான் வேண்டும். அங்கே கூட்டம் முழுக்க ருடால்ஃப் வாலண்டினோவைத் தேடிப் போகும். 1926 ஆகஸ்ட் 23-இல், 31 வயதில் இறந்த மௌனப்பட நாயகன். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் இன்னும் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. அவ்வளவு புகழ் இருந்தும் அவருக்கென்று வாங்கி வைத்த கல்லறை இல்லை. ஜூன் மாத்திஸ் என்ற திரைக்கதை எழுத்தாளர் தன் குடும்பத்துக்கு வாங்கிய மாடத்தை இரவல் கொடுத்தார். வாலண்டினோவுக்கு முதல் பெரிய வேடம் கிடைக்கப் போராடியவரும் இவரே. மறு வருடமே மாத்திஸும் இறந்துவிட்டார். வாலண்டினோவை அடுத்த மாடத்துக்கு மாற்றினார்கள், இருவரும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு மாடத்தில் மட்டும் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் மாத்திஸின் பெயரையும் ஒருமுறை படியுங்கள்.

அதே தோட்டத்தில் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸையும் தேடுங்கள். நடிகர்களின் பெயரை வெளியே சொல்கிற வழக்கமே இல்லாத காலத்தில், அவர் நடித்த பயோகிராஃப் படநிறுவனத்தின் பெயரால் 'பயோகிராஃப் பெண்' என்று மட்டும் அறியப்பட்டவர். வேறு நிறுவனம் அவரை இழுத்துக்கொண்டு, 1910-இல் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்தது. நட்சத்திரம் என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1930-களில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருவராக நிற்கிற வேடங்கள். 1938 டிசம்பரில் இறந்தார். கல் வைக்க ஆளில்லை. 53 வருடங்கள் வெறும் மண். 1991-இல் நடிகர் ரோடி மெக்டவல் தன் பெயரைச் சொல்லாமல் பணம் கொடுத்து ஒரு கல் வைத்தார். முதல் திரை நட்சத்திரம் என்று அதில் எழுதியிருக்கிறது.

கேபிள், க்ளென்டேல் ஃபாரஸ்ட் லானில் பெரிய கல்லறை மாளிகைக்குள் இருக்கிறார். 1942-இல் போர் நிதிப் பத்திரம் விற்றுவிட்டுத் திரும்பும்போது விமான விபத்தில் இறந்த மனைவி கரோல் லொம்பார்டின் பக்கத்தில். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே ஊழியர்களைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், பல பகுதிகள் பூட்டியிருக்கும். கேபிளைப் பார்க்க முடியாமல் திரும்ப வேண்டி வரலாம். இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஹாலிவுட் ஹில்ஸில் உள்ள இன்னொரு ஃபாரஸ்ட் லானில் சாபு இருக்கிறார். மைசூர் சமஸ்தானத்து யானைப் பாகனின் மகன். 1937-இல் 'எலிஃபண்ட் பாய்' படத்தில் உலகப் புகழ் அடைந்து, அமெரிக்கக் குடிமகனாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கிவீரராகப் பறந்து பதக்கமும் வாங்கியவர். போருக்குப் பிறகு நல்ல வேடங்கள் குறைந்துபோயின. 39 வயதில் மாரடைப்பு. நகைச்சுவை நடிகர்கள் பஸ்டர் கீட்டனும் ஸ்டான் லாரலும் அதே தோட்டத்தில்தான். உங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த மூவரையும் பார்க்காமல் கிளம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு என்ன சொல்வது? அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம். திரும்பி வந்து குளித்துவிடுவதாகச் சொல்லுங்கள், குளித்தும் விடுங்கள். ஆனால் இவை அவர் நினைக்கிற மாதிரி இடங்கள் இல்லை. புல்வெளி, ஏரி, மரங்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள். ஹாலிவுட் ஃபாரெவரில் 2002 முதல் கோடை இரவுகளில் கல்லறை மாளிகையின் சுவரிலேயே பழைய படங்களைத் திரையிடுகிறார்கள். கல்லறைத் திருநாளன்று உங்கள் திருச்சியில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பூவும் மெழுகுவர்த்தியும் கூட்டமும் அங்கேயும் உண்டு. மெக்சிகோ வழி வந்த மக்கள் அதே பருவத்தில் பெரிய விழாவே எடுக்கிறார்கள்.

மூன்று நாள் போதும். ஹாலிவுட் ஃபாரெவர், ரோஸ்டேல் ஒரு நாள். இரண்டு ஃபாரஸ்ட் லான்களும் ஒரு நாள். மன்றோவுக்கு ஒரு காலைப்பொழுது. இடையில் இடைவெளி விடுங்கள், எல்லாம் வெயிலில் நடக்கிற வேலை. ரோஸ்டேலுக்கு மட்டும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். ஹாட்டியின் வழக்கையும் கல்லறையையும் பற்றிக் காரிலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்